முதல் கார் யாருடையது?

குரு குணசுந்தரி. சிஷ்யர் செல்வநாயகம். சிஷ்யருக்குத்தான் வயது அதிகம். இருபது வருஷம் கார்ப் பந்தயம் ஓட்டிவிட்டு, பந்தயத்தை நடத்தும் வேலையைக் கற்றுக்கொள்ள அந்த அம்மாளிடம் வந்திருந்தார்.

காலைப் பந்தயத்தில் ஒரு கார் மணலில் புதைந்தது. சேஃப்டி கார் இறங்கியது. அது முன்னால் ஓடும்வரை யாரும் யாரையும் முந்தக் கூடாது. ஒரு சுற்று பின்தங்கிய கார்களையெல்லாம் முன்னால் விட்டு, அவை சுற்றி வந்து வரிசையின் வாலில் சேர்ந்த பிறகுதான் மறுபடி பந்தயம். விதி அப்படி. செல்வநாயகம் எல்லாக் காரையும் விட்டார். அதற்குள் சுற்றுகள் தீர்ந்துவிட்டன. முதலில் நின்ற விக்ராந்த் அப்படியே ஜெயித்தான்.

இரண்டாவதாக வந்த இமானுவேல் கண் கலங்கி வந்து நின்றான். சின்ன மெக்கானிக் கடை வைத்திருப்பவன்.

"ஓட விட்டிருந்தா முந்தியிருப்பேன் சார். போகட்டும். நாளைக்கு நான் முன்னால இருந்தாலும் இதே விதிதானே?"

"இதேதான் தம்பி."

"இல்லைன்னா இப்பவே சொல்லிடுங்க. காரை வித்துட்டுப் போயிடறேன்."

நாளை வரை போகவில்லை. மாலையும் ஒரு கார் மணலில் புதைந்தது. இப்போது முன்னால் இமானுவேல். அவனுக்கும் விக்ராந்துக்கும் நடுவில் பின்தங்கிய கார்கள் இரண்டு. விக்ராந்துக்குப் பின்னால் இன்னும் பல.

கூட்டம் எழுந்து நின்று கத்தியது. போட்டி நடத்தும் முதலாளி போனில் வந்தார். "கடைசிச் சுற்று ரேஸ் வேணும் சார். ஜனங்க அதுக்குத்தான் வந்திருக்காங்க."

காலையில் இந்த வாய் எங்கே போயிருந்ததாம்? மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்!

ஆனால் செல்வநாயகத்துக்கும் கை துறுதுறுத்தது. பந்தயம் ஓட்டிய உடம்பு.

"நடுவுல இருக்கிற ரெண்டு காரை மட்டும் விட்டா, ஒரு சுற்று ஓட்டலாம் மேடம். என்ன தப்பு?"

குணசுந்தரி கட்டுப்பாட்டு அறையின் ஏ.சி. குளிருக்குப் போர்த்தியிருந்த சால்வையை எடுத்து, திரையில் ஓட்டுநர்களின் பெயர்கள் வரும் பக்கத்தின்மேல் போட்டார்.

"இப்ப சொல்லுங்க சார். முதல் கார் யாருடையது?"

"மறைச்சா மட்டும்? எனக்குத்தான் தெரியுமே."

"தெரியும். அதை மறந்துட்டுச் சொல்லுங்க."

செல்வநாயகம் சால்வையையே பார்த்தார். பிறகு வயர்லெஸ்ஸை எடுத்தார்.

"எல்லாக் காரையும் விடுங்க."

சுற்றுகள் தீர்ந்தன. இமானுவேல் ஜெயித்தான். கூட்டம் ஊளையிட்டது. விக்ராந்த் ஹெல்மெட்டோடு படியேறி வந்தான்.

"நியாயமா சார் இது?"

"காலையில உங்களுக்குச் செஞ்சதுதான் தம்பி."

விக்ராந்த் கதவு வரை போய்த் திரும்பினான்.

"அடுத்த ரேஸ்லயும் இப்படித்தானா?"

"இப்படித்தான்."

அவன் போனதும் செல்வநாயகம் நாற்காலியில் சரிந்தார். மனசு தாங்கவில்லை.

"ஒரே நாள்ல ரெண்டு பேர் வயித்தெரிச்சலையும் கொட்டிக்கிட்டோமே மேடம்."

குணசுந்தரி சால்வையை உதறிப் போர்த்திக்கொண்டார்.

"அடுத்த ரேஸுக்கு ரெண்டு பேருமே வருவாங்க, பாருங்க."