கருப்பர் கோயிலில் நின்ற அருவாள்

நியாயாதிபதி சடையப்பருக்குச் சட்டப் புத்தகத்தின் மேல் கோபம். திட்டமிட்டுக் கொன்றால் தூக்கு, திடீர் ஆத்திரத்தில் கொன்றால் சிறை என்று அதில் எழுதியிருந்தது. மறுநாள் வீரணன் என்பவன் மீதான கொலை வழக்கில் தீர்ப்பு. தன்னைவிடப் பத்து வயது இளையவரான குரு ஏகாம்பர அடிகளிடம் போய் நின்றார்.

"சாமி, போனது ஒரு உசுரு. இதுல என்ன பெரிய கொலை, சின்னக் கொலை?"

"வழக்கைச் சொல்லுங்க."

"மடையில தண்ணித் தகராறு. செல்லாண்டி வீரணனை அடிச்சிருக்கான். வீரணன் தன் வீட்டுக்குப் போய் அருவாளை எடுத்துக்கிட்டுக் கிளம்பியிருக்கான். அவனே ஒத்துக்கிட்டான். தூக்குதான்."

"செல்லாண்டி செத்தது அருவாள் வெட்டுலயா?"

"இல்ல. மடையில கிடந்த மண்வெட்டியால மண்டையில ஒரே அடி. எதால செத்தா என்ன?"

அடிகள் எழுந்தார். "அவன் நடந்த வழியில நாமளும் நடப்போம். அவனையும் கூட்டிட்டு வரச் சொல்லுங்க."

வீரணன் வீட்டிலிருந்து மடைக்கு நடந்தார்கள். வெயில் சுட்டது. பல்லக்கில்லாமல் நியாயாதிபதி இவ்வளவு தூரம் நடந்து பல வருஷம் இருக்கும். பாதி வழியில் கருப்பர் கோயில். நேர்ந்துகொண்டவர்கள் நட்டுவைத்த அருவாள்கள் ஆள் உயரத்துக்கு வரிசையாக நின்றன. நடுவில் ஒன்று மட்டும் சின்னது. பிடி தேய்ந்த, வீட்டில் புழங்குகிற அருவாள்.

"இது யாருது?" என்றார் அடிகள்.

வீரணன் தலை குனிந்தான். "என்னுதுங்க. அன்னைக்குக் கோயிலைத் தாண்டி இதைக் கொண்டுபோக மனசு வரல. நீயே வச்சுக்கன்னு சாமிகிட்ட விட்டுட்டு, சமாதானம் பேசத்தான் வெறுங்கையோட போனேன். அவன் என் ஆத்தாளைச் சொல்லித் திட்டி மூஞ்சியில துப்பினான். மண்வெட்டி காலடியில கிடந்துச்சு."

"இதை ஏன்டா நீ சொல்லல?" என்றார் சடையப்பர்.

"அருவாள் எடுத்தியான்னு கேட்டீங்க. எடுத்தேன்னேன். சாமிக்குக் கொடுத்ததை வெளிய சொல்லலாமாங்க?"

சடையப்பர் அந்தச் சின்ன அருவாள் பக்கம் திரும்பினார். நாளைக்கு இவனைத் தூக்கில் போட இருந்தார். முப்பது வருஷமாக எத்தனையோ கொலைகாரர்களைப் பார்த்தவர், ஒருவன் கொலையை இறக்கி வைத்துவிட்டுப் போன இடத்தை இன்றுதான் பார்க்கிறார். செருப்பைக் கழற்றினார்.

"சாமி, ஒரே ஆளுகிட்ட ரெண்டு கொலை இருக்கே. நான் எதுக்குத் தீர்ப்புச் சொல்றது?"

"செஞ்சதுக்குச் சிறை கொடுங்க," என்றார் அடிகள். "செய்யாம விட்டதுக்கு, நாளைக்கு அவன் கூண்டுல ஏறும்போது நீங்க ஒரு தடவை எழுந்து நில்லுங்க."