வேணாம்னு சொன்ன பாடம்

குளத்தங்கரையில ஆமை வாத்தியார் பள்ளிக்கூடம் நடத்துனாரு. காட்டுல இருக்குற குஞ்சு, குட்டி எல்லாம் அங்கதான் படிச்சுதுங்க.

ஒருநாள் "ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி"ன்னு புதுப் பாடம் எடுத்தாரு. தலைகீழாத் தூங்குற வௌவால், ஒத்தைக்கண் நரி, வெள்ளை மயில், எல்லாரும் அதுல வந்தாங்க.

சாயங்காலமே பெண்மயில் மரகதம் கழுத்தை நீட்டிக்கிட்டு வந்துச்சு.

"என்னய்யா கண்றாவி இது! என் புள்ள வீட்டுல தலைகீழாத் தொங்கிப் பாக்குது!"

"தொங்கட்டும் தாயி! பக்கத்துல உக்காந்திருக்கிறது வௌவால் குட்டி. அதைக் கேலி பண்ணாம இருக்கணும்ல?"

"என் புள்ள என்ன படிக்கணும்னு நான்தான் சொல்லுவேன்!"

பெத்தவ, கேக்கலாம்தான். ஆனா மரகதம் அதோட நிக்கல. காட்டுச் சபைக்கே போயி சட்டம் கொண்டுவந்துச்சு. பெத்தவங்கள்ல ஒருத்தர் வேணாம்னாலும் அந்தப் பாடம் யாருக்குமே கிடையாது! திரும்ப வேணும்னா, ஒருத்தர் விடாம எல்லாரும் வாலைத் தூக்கிச் சம்மதிக்கணும்.

வௌவால் குட்டி பள்ளிக்கூடத்தை விட்டு நின்னுடுச்சு. ஏன்னு யாரும் கேக்கல.

மரகதத்தோட குஞ்சு நீலன் வளர்ந்தான். புது இறகு முளைச்சுது. அத்தனையும் வெள்ளை!

"டேய் சுண்ணாம்பு! கிட்ட வராத, ஒட்டிக்கும்!"னு பள்ளிக்கூடத்துப் பசங்க விரட்டுனாங்க.

நீலன் அழுதுகிட்டே வந்தான். "அம்மா, எனக்கு என்ன வியாதி?"

"வியாதி இல்லடா கண்ணு! இப்படியும் மயில் உண்டு!"

"நீ அம்மா, அப்படித்தான் சொல்லுவ. வாத்தியார் சொல்லட்டும்!"

மரகதம் சபைக்கு ஓடி ஒவ்வொருத்தர் கால்லயும் விழுந்துச்சு. எல்லாரும் வாலைத் தூக்கினாங்க. மானக்கா மட்டும் தூக்கல.

"மன்னிச்சுக்க மரகதம். இதெல்லாம் என் குட்டிக்கு இப்ப வேணாம். பெத்தவ எனக்கு அந்த உரிமை இல்லையா?"

மரகதம் தலையைத் தொங்கப்போட்டு வீடு திரும்புச்சு.

மறுநாள் நீலன் சேத்துல நல்லாப் புரண்டான். பழுப்பா, மத்த மயில் குஞ்சுங்களைப் போல, சந்தோஷமாப் பள்ளிக்கூடம் போனான். மத்தியானம் மழை கொட்டுச்சு. சேறெல்லாம் வழிஞ்சு ஓடுச்சு. பசங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க.

வாத்தியார் "நில்லுப்பா! நில்லு!"ன்னு கத்தினாரு. ஆமையால ஓடிப் பிடிக்க முடியுமா? நீலன் புதருக்குள்ள ஓடினவன்தான், திரும்பவே இல்ல.

மரகதம் காடு பூரா கூப்பிட்டு அலைஞ்சுது. தொண்டை கட்டிப்போச்சு. இன்னும் அலையுது.

அடுத்தவங்க புள்ளைக்குத் தேவைப்படுற பாடத்தை நாம அழிச்சா, நம்ம புள்ளைக்குத் தேவைப்படுற அன்னைக்கு அது இருக்காது.