கப்பல் தலைவன் சொன்ன ஒற்றைச் சொல்

முன்னொரு காலத்தில் கடலோரமாய்க் கிடந்த வேலங்குறிச்சி நாட்டைச் சேதிராயன் என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் கோபம் வந்தால் கை முதலில் வாளுக்குப் போகும், யோசனை அப்புறம்தான் வரும்.

ஒருநாள் வாணிபம் பேச ஹார்வி என்ற வெள்ளைக்காரக் கப்பல் தலைவன் சபைக்கு வந்தான். அவனை வரவழைத்தவர் அமைச்சர் சடையப்பர். அமைச்சர் பதவிமேல் கண்வைத்திருந்த நல்லபெருமாள், துறைமுகத்தில் கற்ற அரைகுறை ஆங்கிலத்தோடு மொழிபெயர்க்க நின்றார்.

ராஜா தன் பாட்டனாரின் வாளைக் காட்டினான். ஹார்வி அதை இரு கைகளிலும் ஏந்திப் பார்த்துவிட்டு, "இன்வேல்யூபிள்" என்றான்.

"என்ன சொல்கிறான்?"

நல்லபெருமாள் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சொல்லவே நாக்கூசுகிறது, மகாராஜா. வேல்யூபிள் என்றால் மதிப்புள்ளது. முன்னால் 'இன்' வந்தால் இல்லை என்று அர்த்தம். கரெக்ட் என்றால் சரி, இன்கரெக்ட் என்றால் தப்பு. அதுபோல, இது மதிப்பில்லாத வாளாம். அமைச்சர் கூட்டிவந்த விருந்தாளி பேசும் அழகு இது."

ராஜா வாளைப் பிடுங்கினான். அடுத்த கணம் அதன் முனை ஹார்வியின் கழுத்தில் இருந்தது. என்ன நடக்கிறதென்றே புரியாமல் அவன் வெளுத்துப்போய் நின்றான்.

சடையப்பருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் வாளை ஹார்வி பயபக்தியோடு ஏந்திய விதத்தைப் பார்த்திருந்தார்.

"வெட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை, மகாராஜா. நல்லபெருமாளே, நீர் இந்த வாளைப் புகழ்ந்தால் என்ன சொல்வீர்?"

"விலைமதிப்பற்ற வாள் என்பேன்."

"அற்ற என்றால்?"

"இல்லாத..." நல்லபெருமாள் பாதியில் நிறுத்தினார்.

"அப்படியானால் நீரும் மதிப்பில்லாத வாள் என்றுதானே சொல்கிறீர்?"

"இல்லை, இல்லை. மதிப்புப் போடவே முடியாத வாள் என்று பொருள்."

"நாம் 'இல்லை'யைப் பின்னால் வைக்கிறோம். அவர்கள் முன்னால் வைக்கிறார்களோ என்னவோ. இந்த வாளுக்கு எது ஈடாகும் என்று அவரையே கேளும்."

நல்லபெருமாள் கேட்டார். ஹார்வி கழுத்தை அசைக்காமல், ஜன்னலுக்கு வெளியே நின்ற தன் கப்பலைக் காட்டி ஏதோ சொன்னான்.

"என்னவாம்?" என்றான் ராஜா.

நல்லபெருமாள் தரையைப் பார்த்தபடி முணுமுணுத்தார். "கப்பலையே கொடுத்தாலும் ஈடாகாதாம்."

வாள் தாழ்ந்தது. ராஜா தன் முத்துமாலையைக் கழற்றிச் சடையப்பர் கழுத்தில் போட்டான். ஹார்வியின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தான். பிறகு திரும்பினான்.

"நல்லபெருமாளே, பாதி ஆங்கிலத்துக்கே ஒரு தலை போக இருந்தது. இவர் கப்பலிலேயே போய் மீதியையும் கற்றுவாரும்."

படகில் ஏறினாலே வாந்தியெடுக்கும் நல்லபெருமாள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.