ஜாம்பி ஏன் கைய நீட்டிக்கிட்டு நடக்குது

அந்தக் காலத்துல, எலியும் காக்காயும் நம்ம கூட வாயாடிக்கிட்டுத் திரிஞ்ச காலத்துல, செத்தவங்களுக்கு ஒரு நடை பாக்கி இருந்துச்சு. சுடுகாட்டுல இறக்கி வச்சதும் எல்லாரும் குளத்துக்குக் குளிக்கப் போயிடுவாங்க. அந்த நேரத்துல செத்தவர் எந்திரிச்சு ஒரே ஒரு தடவை வீட்டுக்குப் போயிட்டு வரலாம். சொல்லாம விட்டதச் சொல்லலாம், ஒரு வாய் கஞ்சி குடிக்கலாம். பொழுது சாயுறதுக்குள்ள திரும்பி வந்து படுத்துக்கணும். அவ்வளவுதான். யாருக்கும் பயமே கிடையாது! "என்ன பெரியப்பா, நடையா?"ன்னு கேப்பாங்க. "ஆமாப்பா, மாட்டுக்குத் தண்ணி காட்டச் சொல்ல மறந்துட்டேன்"னு சொல்லிக்கிட்டே அவரும் போவாரு.

இதுல காக்காய்க்கு ஒரு வேலை உண்டு. பொணத்துக்கு ரெண்டு கையையும் சேத்துக் கட்டியிருப்பாங்க. கால் கட்டைவிரல் ரெண்டையும் சேத்துக் கட்டியிருப்பாங்க. வாய் தொறந்துக்காம இருக்க தாடையையும் உச்சந்தலையையும் சுத்தி ஒரு துணி போட்டிருப்பாங்க. இந்த மூணு கட்டையும் அலகால அவுத்து விடணும். அதுக்குக் கூலியா, செதறிக் கெடக்குற வாய்க்கரிசி பூரா காக்காய்க்குத்தான்.

அந்த ஊர்ல சடையாண்டி, சடையாண்டின்னு ஒருத்தன். ஊர்லயே வேகமா ஓடுறவன், அதவிட வேகமாப் பேசுறவன். ஒருநாள் காலையில காட்டுல பாம்ப மிதிச்சுட்டான். "பாத்து வரக்கூடாதாப்பா"ன்னு பாம்பு ரொம்ப வருத்தப்பட்டுச்சு. என்ன பண்றது, கடிச்சது கடிச்சதுதான்.

சுடுகாட்டுல படுத்துக் கெடந்த சடையாண்டிக்கு செத்தது கூடப் பெருசாப் படல. ஒரே ஒரு விசயம்தான் மனசப் போட்டு அரிச்சுச்சு. அந்த வருசத்து வெதைச்சோளம் அத்தனையும் ஒளிச்சு வச்சவன் அவன்தான். எலிக்குப் பயந்து. வீட்டுக்குள்ள முணுமுணுத்தாக் கூட கூரையில இருக்குற எலிக்குக் கேட்டுருமே! அதனால எடத்த பொண்டாட்டி குருவம்மாகிட்டகூட சொல்லல. வெதை இருந்தது காட்டுல நின்ன சோளக்கொல்லை பொம்மையோட சட்டித் தலைக்குள்ள. எந்த எலியும் அந்தப் பொம்மைகிட்டப் போகாது. ஆனா மேற்க மேகம் கருகருன்னு ஏறுது. மழை விழுந்தா சட்டிக்குள்ள தண்ணி எறங்கி வெதை மொளைச்சு வீணாயிரும். அப்புறம் குருவம்மாவும் ரெண்டு புள்ளைகளும் வருசம் பூரா எதத் திம்பாங்க?

"சீக்கிரம் அவு, சீக்கிரம் அவு"ன்னு மனசுக்குள்ளயே கத்துனான்.

காக்கா வந்துச்சு. மொதல்ல கைக்கட்ட அவுத்துச்சு. அடுத்து காலுக்குப் போகும்போதுதான் அரிசியப் பாத்துச்சு. சும்மா இல்ல, ரெண்டு கை அரிசி! ஊர்ல அத்தன பேருக்கும் சடையாண்டின்னா உசுரு, அள்ளி அள்ளிப் போட்டிருக்காங்க. காக்காதான் தனியாத் திங்காதே. "கா! கா! சித்தப்பா வாங்க, அத்தை வாங்க, சின்னவன எழுப்பிக் கூட்டிட்டு வாங்க"ன்னு சொந்தம் மொத்தத்தையும் கூப்புட்டுச்சு. விருந்து ஆரம்பிச்சிருச்சு. கட்டு மறந்தே போச்சு.

"ம்ம்ம்!"ன்னான் சடையாண்டி.

"இரு இரு, ஒரு வாய்!"ன்னுச்சு காக்கா, வாய் நெறைய அரிசியோட.

தானே அவுத்துக்கலாம்னு பாத்தா ஒடம்பு கட்டை மாதிரி வெறைச்சுக் கெடக்கு. முழங்கை மடங்கல, இடுப்பு குனியல. வானத்தப் பாத்தான். இனி காத்திருந்தா ஆகாதுன்னு ஒரு எம்பு எம்பி எந்திரிச்சு நின்னான். கட்டைவிரல் ரெண்டும் ஒட்டியிருக்கு, அரைச்சாண் அரைச்சாணா கால இழுத்துதான் நடக்க முடியுது. குப்புற விழுந்துறாம இருக்க மடங்காத கைய அப்படியே முன்னால நீட்டிக்கிட்டான். வாய் நெறைய வாய்க்கரிசி, மேல துணிக்கட்டு. "குருவம்மா"ன்னு கூப்புட்டா "ம்ம்ம்ர்ர்ர்"னு வருது.

குளத்துல குளிச்சுட்டு வந்து தெருமுனையில அவன் தம்பி பலவேசம் நின்னான். சடையாண்டிக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா! தம்பி அவுத்து விட்டுருவான்ல? "ம்ம்ர்ர்ர்"னு ஆசையாப் போய் ரெண்டு கையையும் அவன் தோள்ல வச்சான்.

பலவேசம் "அண்ணே..."ன்னான். கட்டோட உறுமிக்கிட்டு வந்த பொணத்த இதுவரைக்கும் யாரு பாத்தா? கண்ணு சொருகி அப்படியே சாஞ்சுட்டான்.

தெருவே அலறுச்சு. "தொட்டான், தம்பி போயிட்டான்!" மூச்சு இருக்கா இல்லையான்னு கூடப் பாக்கல. செத்தவனக் கட்டாம விடக்கூடாதுல்ல? ஓடுற ஓட்டத்துலயே ரெண்டு பேர் பலவேசத்தோட கால் விரலயும் தாடையையும் கட்டிப் போட்டுட்டாங்க. கொஞ்ச நேரத்துல மயக்கம் தெளிஞ்சு பலவேசம் எந்திரிச்சான். அவசரத்துல இறுக்குன முடிச்சு அவன் கைக்கு அவுக்கவே வரல. பேச வாயெடுத்தா "ம்ம்ம்ர்ர்ர்". கைய நீட்டிக்கிட்டு, கால இழுத்துக்கிட்டு, "அவுத்து விடுங்கடா"ன்னு மனசுக்குள்ளயே கெஞ்சிக்கிட்டு கூட்டத்துப் பின்னாலயே வந்தான்.

அவ்வளவுதான். "தொட்டா அவங்கள மாதிரியே ஆயிருவோம்டோய்!"னு ஊரே பக்கத்து ஊருக்கு ஓடிருச்சு.

சடையாண்டிக்கு அழுகையே வந்துருச்சு. எல்லாரும் ஏன் ஓடுறாங்கன்னே அவனுக்குப் புரியல. மொகத்துல ஏதாவது இருக்கான்னு தடவிப் பாக்கக்கூட கை மடங்கலயே! மொதத் துளி மழை அவன் மூக்குல விழுந்துச்சு. விடல, இழுத்து இழுத்து வீட்டு வாசலுக்கு வந்துட்டான்.

குருவம்மா வாசல்ல காலி வெதைப்பொட்டியக் கையில வச்சுக்கிட்டு நின்னா. அவளுக்கும் பயம்தான். கால் ஓடத்தான் பாத்துச்சு. ஆனா பயத்தவிடக் கோவம் ஜாஸ்தி.

"வாய்யா வா! வெதைய எங்க வச்சன்னு ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டு, இப்ப வந்து வேடிக்கையா காட்டுற? முயல் மாதிரி ஓடுவ, இன்னைக்கு என்ன நடை இது? நல்லா சோளக்கொல்லை பொம்மை மாதிரி கைய நீட்டிக்கிட்டு!"

பொம்மைன்னதும் சடையாண்டிக்குப் பொறி தட்டுச்சு. அப்புறம் நீட்டுன கைய ரெண்டு பக்கமும் நல்லா விரிச்சு, தலைய ஆட்டு ஆட்டுன்னு ஆட்டுனான். "ம்ம்! ம்ம்ம்! ம்ம்ம்ம்!"

குருவம்மா அவனப் பாத்தா. கையப் பாத்தா. காட்டுப் பக்கம் திரும்பிப் பாத்தா. மெதுவாத் தன் தலையத் தொட்டுக் காட்டி, புருவத்த மட்டும் தூக்கிக் கேட்டா. சடையாண்டி ஆட்டுன ஆட்டுல துணிக்கட்டே ஆடிப்போச்சு.

கூரையிலேருந்து எலி எட்டிப் பாத்துச்சு. "என்னக்கா சொல்றாரு?"

"ஒண்ணுமில்ல, கஞ்சி கேக்குறாரு. நீ ஒன் வேலையப் பாரு"ன்னா குருவம்மா.

அப்புறம்தான் அவ கண்ணு கீழ போச்சு. "அட பாவி மனுசா, கட்டே அவுக்கலையா!" பொட்டியப் போட்டுட்டுக் குனிஞ்சு கால்கட்ட அவுத்தா, எக்கி வாய்க்கட்ட அவுத்தா. சடையாண்டி அரிசியத் துப்பிட்டு மொத வேலையாக் கேட்டான்:

"நெசமாவே கஞ்சி இருக்கா புள்ள?"

அவ சிரிச்ச சிரிப்பு மூணு தெருவுக்குக் கேட்டிருக்கும், கேக்கத்தான் தெருவுல ஆளில்ல. பின்னாலயே பலவேசம் இழுத்து இழுத்து வந்து சேந்தான். "நீங்களுமா கொழுந்தனாரே?"ன்னு அவனுக்கும் அவுத்து விட்டா. அவன் மொதல்ல கேட்டது, "மதினி, நான் செத்துட்டேனா?"

குருவம்மா ஓடிப்போய்ச் சட்டியோட வெதைய எடுத்துட்டு வந்துட்டா. ஒரு சோள மணி கூட நனையல! சடையாண்டி ரெண்டு செம்பு கஞ்சி குடிச்சான், தூங்குற புள்ளைகளத் தொட்டுப் பாத்தான், தம்பிய நாலு வார்த்தை திட்டுனான். ஒடம்பும் இளகிருச்சு. கொட்டுற மழையில, ஊர்லயே வேகமான ஆளாச் சுடுகாட்டுக்கு ஓடிப்போய் நிம்மதியாப் படுத்துக்கிட்டான்.

ஆனா ஓடுன ஊர்க்காரங்க இருக்காங்களே, கட்டு அவுந்தத அவங்க யாருமே பாக்கல. கைய நீட்டுனான், கால இழுத்தான், உறுமுனான், தொட்டவன் அவன மாதிரியே ஆயிட்டான், இத மட்டும் ஊர் ஊராப் போய்ச் சொன்னாங்க. அது கடல் தாண்டியும் போயிருச்சு. ஓடாம நின்ன குருவம்மா கதை கஞ்சி காய்ச்சிக்கிட்டு வீட்டுலயே இருந்துருச்சு. அடுத்தடுத்து செத்தவங்களும் பாத்தாங்க, எதுக்கு வம்புன்னு அந்த ஒரு நடையையே வேணாம்னு விட்டுட்டாங்க. காக்காய்க்கும் வேலை போச்சு.

அன்னையிலேருந்துதான், நம்ம பக்கம் பொணத்த எடுத்துட்டுப் போனா "கட்டெல்லாம் அவுத்தாச்சா?"ன்னு மனுசங்களே ஒருத்தருக்கு ரெண்டு பேராக் கேட்டு அவுக்குறாங்க, படத்துலயும் கேம்லயும் வர்ற ஜாம்பி மட்டும், எந்த நாட்டு ஜாம்பியா இருந்தாலும் சரி, கைய நீட்டிக்கிட்டு, கால இழுத்துக்கிட்டு, ஓடாம நின்னு குனிஞ்சு பாக்குற ஒரு குருவம்மாவத் தேடிக்கிட்டே நடக்குது.