நாதசுரத்தோடு வந்த மருந்து

முன்னொரு காலத்தில் மாங்குறிச்சி நாட்டைக் கொற்றவேல் ராசா ஆண்டு வந்தார். ராசாவை ஆண்டு வந்ததோ அவருடைய வயிறு! சாப்பிட்டு எழுந்தால் போதும், நெஞ்சுக்குள் தீப்பிடித்துக்கொள்ளும். அவர் விடும் புளித்த ஏப்பத்துக்கு வாசலில் நிற்கும் குதிரையே மிரளும்.

மருத்துவச்சி நாச்சாயி கொடுத்த பொடியை ஒரு மாதம் தின்றும் பலனில்லை. ஆனால் யானைப்பாகன் சோணைக்கு அதே பொடியில் பத்தே நாளில் குணமாகிவிட்டது! விடுவாரா அம்பலக்கூத்தர்? அரண்மனை மரியாதைகளைக் கவனிக்கும் அதிகாரி அவர். தன்னைக் கேட்காமல் ராசா ஒரு பெண்பிள்ளையிடம் வைத்தியம் பார்ப்பது அவருக்குப் பொறுக்கவில்லை.

"மகாராசா! பாகனுக்கு நல்ல மருந்து, தங்களுக்குச் செங்கல் பொடி! இவளைக் கழுதைமேல் ஏற்றி நாடு கடத்துங்கள்!"

"நாளைக்கே கழுதை வரட்டும்!" என்று ராசாவும் கத்திவிட்டார்.

நாச்சாயி யோசித்துப் பார்த்தாள். ஒரே உரலில் இடித்த பொடி, ஒரே கரண்டியில் அளந்த பொடி. பிறகு எங்கே கெட்டது? மருந்தை அரண்மனை வாசலில் அம்பலக்கூத்தர் கையில் கொடுப்பதோடு அவள் வேலை முடிந்துவிடும். ராசா சாப்பிடும் கூடத்தை அவள் எட்டிப் பார்த்ததுகூட இல்லை.

"ஐயா, சாப்பாட்டுக்கு முன்னே என்று சொல்லித்தானே கொடுத்தேன்? ராசா எப்போது தின்கிறார்?"

அம்பலக்கூத்தர் நெஞ்சை நிமிர்த்தினார். "பாகனைப் போல வெறும் வயிற்றில் விழுங்க அவர் என்ன கூலியாளா? ராசாவின் நாக்கில் முதலில் பாயசம்தான் படவேண்டும். விருந்து முடிந்து அவர் மெத்தையில் சாய்ந்த பிறகு, தங்கத் தட்டில், நாதசுரத்தோடு நானே மருந்தைக் கொண்டுபோவேன். அந்த முறையை ஏற்படுத்தியதே நான்தானே!"

அகப்பட்டுவிட்டது! நாச்சாயிக்கு உள்ளம் துள்ளியது. ஆனால் வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? ராசாவின் முன்னால் போய் நின்றாள்.

"மகாராசா, கழுதை ஏழு நாள் காத்திருக்கட்டும். அதுவரை தாங்கள் சோணையைப் போல இருங்கள். விடிந்ததும் மருந்து. ஒரு நாழிகை கழித்துச் சாப்பாடு. சாப்பிட்டதும் படுக்காமல் யானையோடு நடை. தங்கள் விருந்து, மெத்தை, நாதசுரம், மருந்து எல்லாம் இந்த ஐயாவுக்கு! வித்தியாசம் தெரியாவிட்டால் நானே கழுதையில் ஏறிக்கொள்கிறேன்."

விருந்து என்றதும் அம்பலக்கூத்தருக்கு வாயெல்லாம் பல். "ராசாவுக்காக இதைக்கூடச் செய்யமாட்டேனா?"

எட்டாம் நாள் சபை கூடியது. ராசா யானைக்கு முன்னால் கைவீசி நடந்து வந்தார். அம்பலக்கூத்தரையோ இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள்.

"ஏவ்வ்... மகாராசா, நெஞ்சு வேகிறது! இது செங்கல் பொடியேதான்!"

"அதைத்தான் ஐயா நானும் தின்றேன்!" என்றார் ராசா. சபை வெடித்துச் சிரித்தது.

"பால் பொங்குவதற்கு முன்னால் விறகை இழுக்க வேண்டாமா?" என்றாள் நாச்சாயி. "சோறு விழுந்ததும் வயிற்றில் புளிப்பு பொங்கும். மருந்து அதற்கு முன்பே உள்ளே போய் நிற்க வேண்டும். சாப்பிட்டவுடன் படுத்தாலோ, புளிப்பு நேரே நெஞ்சுக்கு ஏறும்."

ராசா துள்ளி எழுந்தார். "முரசறையுங்கள்! நெஞ்செரிகிற எல்லோரும் விடிந்ததும் இதைத் தின்னட்டும்! எல்லோருக்கும் குணமாகட்டும்!"

"ஐயோ வேண்டாம், மகாராசா! வாசல்காவலர் மாடன் நான் சொன்னபடியேதான் தின்கிறார். அவருக்கு எரிச்சல் குறையவே இல்லை. அவருக்குக் காரணம் புளிப்பு அல்ல, வேறு ஏதோ. என்னவென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தேடிக்கொண்டிருக்கிறேன்."

'தெரியவில்லை' என்று யாரும் அந்தச் சபையில் சொல்லி ராசா கேட்டதில்லை. தன் முத்துமாலையைக் கழற்றி அவளிடம் நீட்டினார். "இனி என் சாப்பாட்டுக் கூடத்தில் நீ சொல்வதுதான் மரியாதை!"

அம்பலக்கூத்தர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முனகினார். "தாயே, எனக்கு?"

"நாளை விடிந்ததும் வெறும் வயிற்றில், ஐயா. நாதசுரம் வேண்டாம்."

"அந்தக் கழுதையை அனுப்பிவிடாதீர்கள்!" என்று ராசா கூவினார். "சாப்பிட்டதும் இவர் அதன் பின்னாலேயே நடக்கட்டும்!"