மடை திறக்காத பாத்தி

கடலுக்கும் கரைக்கும் மனஸ்தாபம் வராத காலம் ஒன்று இருந்தது. ஐயாமாரே, அம்மாமாரே, நடுவில் எழுந்து போகாமல் கேளுங்கள். அந்தக் காலத்தில் கழிமுனை என்று ஓர் ஊர். முன்னால் கடல், பின்னால் பனங்காடு, நடுவில் வரிசை வரிசையாய் உப்புப் பாத்திகள்.

இன்றைக்கு உப்பைப் பொட்டலத்தில் வாங்கிக் கொட்டிக்கொள்கிறோம். அன்றைக்குக் கழிமுனை உப்பென்றால் தனி மரியாதை. கல்லுக் கல்லாய் இருக்கும், கையில் ஒட்டாது, ஈரக் காற்றுக்கு அசையாது. ஒரு கல்லைப் போட்டால் ஒரு சட்டிக் கூழும் ருசித்துவிடும். நான் தின்றதில்லை. கேட்டதற்கே நாக்கில் எச்சில் ஊறுகிறது.

அந்த ருசிக்கு மந்திரம் மாயம் ஒன்றும் இல்லை, மூன்றே வழக்கங்கள்தான். மழைக்காலம் முடிந்ததும் பாத்தியின் களிமண்ணைக் காலால் மிதித்து மிதித்துக் கல்தரை போல் இறுக்குவார்கள். பிறகு கடல்நீரைக் கட்டிவிட்டு, வெயிலும் காற்றும் தங்கள் வேலையைச் செய்து முடிக்கும்வரை பொறுத்திருப்பார்கள். உப்பு பூத்த பிறகு மேலே இரண்டு விரற்கடை நீர் மிஞ்சும் பாருங்கள், அதைக் காய விடாமல் மடையைத் திறந்து கடலுக்கே அனுப்பிவிடுவார்கள். கசப்பெல்லாம் அந்த நீரில்தான் இருக்கும். ‘கடல் பங்கு’ என்று அதற்குப் பெயர். அது போன பிறகுதான் உப்பை வாருவார்கள்.

ஊரின் கடைசிப் பாத்தி மாடக்கண்ணுவுடையது. இருப்பதில் சின்னதும் அதுதான். அவனும் அவன் பெண்சாதி பூரணமும் அதை வைத்துக் குறைவில்லாமல் பிழைத்து வந்தார்கள்.

ஒரு பங்குனி மாதம் அரண்மனை மணியக்காரர் தமுக்கோடு வந்தார். “பாத்திக்கு நூறு மூட்டை உப்பு வேண்டும். ஆவணியில் ராஜாவே நேரில் வந்து பார்ப்பார். குறைந்தால் பாத்தி வேறு ஆளுக்குப் போகும்” என்று சொல்லிவிட்டுப் போனார். மாடக்கண்ணுவின் பாத்தி எந்தக் காலத்திலும் எழுபதைத் தாண்டியதில்லை. அன்று முழுக்க அவன் வரப்பிலேயே உட்கார்ந்திருந்தான்.

முதல் வாரலுக்கு நாள் வந்தது. உப்பு பூத்து மேலே இரண்டு விரற்கடை நீர் நின்றது. பூரணம் உப்பு வாரும் ஓலைப்பெட்டியோடு வந்தாள்.

“என்ன, இன்னும் மடையத் திறக்காம நிக்கீரு?”

“ரெண்டு நாளு காயட்டும்ளா. ஓட விடுத தண்ணியிலயும் உப்பு இருக்குல்லா?”

“கசப்புல்லா இருக்கு. கடல் பங்கை நாம தின்னா நமக்குத் தங்குமா?”

“யாரு நக்கிப் பாக்கப் போறாவ? மூட்டையத்தான எண்ணுவாவ.”

பூரணம் பெட்டியை வரப்பில் கவிழ்த்து வைத்தாள். பாத்தி போனால் பிழைப்பு போகும் என்பது அவளுக்கும் தெரியும்.

முதல் வாரலில் குவித்த உப்பு அம்பாரம் இடுப்பளவு வந்தது. மடை திறக்கவில்லை. இரண்டாம் வாரலில் தோளளவு வந்தது. அப்போதும் மடை திறக்கவில்லை. மூன்றாம் வாரலில் கையை உயர்த்தினாலும் எட்டாத உயரத்துக்கு நின்றது. வரிசையிலேயே சின்னப் பாத்தி, வரிசையிலேயே பெரிய அம்பாரம். ஊர் வந்து வேடிக்கை பார்த்தது. மாடக்கண்ணு மீசையை முறுக்கிக்கொண்டு நடந்தான். ஆகாத காரியம் ஆகிவிட்டால் ஆணுக்கு நடையே மாறிவிடுகிறது.

உப்பு விற்கப் போனால் மழை பெய்யும், உமி விற்கப் போனால் காற்றடிக்கும் என்பார்கள். மாடக்கண்ணுவுக்கு மழைகூடத் தேவைப்படவில்லை. ஆடிக் காற்றின் ஈரமே போதுமானதாக இருந்தது. மற்றவர் அம்பாரங்களெல்லாம் மொரமொரவென்று நிற்க, அவனுடையது கையில் ஒட்டியது. பிறகு அடியில் நீர் கசிந்து மண் நனைந்தது. ஒரு நாள் கூழில் அந்த உப்பைப் போட்டான். முதல் வாய் நாக்கின் அடியில் போய்க் கசந்தது. சட்டியை நகர்த்தி வைத்தான். பூரணம் அதைப் பார்த்தாள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

ராஜா வரும் நாள் காலையில் பக்கத்துப் பாத்திக்காரன் கருத்தப்பாண்டி வந்தான். மைத்துனன் முறை.

“மச்சான், எனக்கு நூறுக்கு மேலயே இருக்கு. பத்துப் பெட்டி அள்ளி உம்ம அம்பாரத்து மேல தூவும். ராசா என்ன, அடியிலயா தோண்டப் போறாரு?”

நல்ல மனசோடு சொன்ன கெட்ட யோசனை. மாடக்கண்ணு பத்துப் பெட்டி அள்ளித் தூவினான். மேலே வெள்ளை வெளேரென்று ஆயிற்று.

மணியக்காரரோடு ராஜா வந்தார். நரைத்த தலை, தளர்ந்த நடை. முதல் பாத்திகளில் நிற்காமல் நேரே கடைசிப் பாத்திக்கு வந்து, அம்பாரத்தின் மேல்பக்கத்திலிருந்து ஒரு கல் எடுத்து வாயில் போட்டார். அவர் கண் கலங்கிவிட்டது.

“இதே ருசிதான்” என்றார். “போரில் என் தகப்பனார் தோற்றபோது என்னை இந்த ஊரில் ஒளித்து வைத்தார்கள். எனக்கு ஏழு வயது. மூன்று மாதம் இந்தக் கடைசிப் பாத்தியை மிதித்தேன். கால் வெடித்தால் ஒரு தாய் விளக்கெண்ணெய் தடவிவிடுவாள். கூழில் ஒரு கல் உப்பைப் போட்டுக் கையில் கொடுப்பாள். அதற்குப் பிறகு எத்தனையோ விருந்து தின்றுவிட்டேன். அந்தக் கூழ் மட்டும் கிடைக்கவே இல்லை.”

“அது எங்க ஆத்தா” என்றான் மாடக்கண்ணு.

“அப்படியா? இருக்கிறாளா?”

“போய்ச் சேந்துட்டா, ராசா.”

ராஜா அவன் தோளில் கை வைத்தார். “அவள் கையுப்பை நீ கெடுக்காமல் வைத்திருக்கிறாய். இந்தப் பாத்தி உனக்கும் உன் பிள்ளைகளுக்கும்தான். யாரும் தொட மாட்டார்கள்.”

வேண்டியதெல்லாம் கிடைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு கும்பிட்டு நின்றிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் தோளில் கிடந்த அந்தக் கையின் பாரத்தை மாடக்கண்ணுவால் தாங்க முடியவில்லை. ஆத்தா பேரில் பொய்யைப் பூசிவிட்டோமே என்று நெஞ்சு எரிந்தது.

“ராசா, மேல கெடக்கது கருத்தப்பாண்டி உப்பு. என் உப்பு அடியில இருக்கு. அதையும் பாருங்க.”

மணியக்காரர் முகம் கறுத்தது. ராஜா முழங்கை வரை உள்ளே விட்டு ஒரு கட்டியை எடுத்தார். ஈரமாய் ஒட்டியது. வாயில் போட்டார். துப்பவில்லை, விழுங்கினார்.

“கடல் பங்கு விடவில்லையா?”

“விடல, ராசா. நூறு மூட்டை கேட்டிய. நூறு மூட்டை பண்ணிட்டேன். உப்புப் பண்ணல.”

ராஜா கையில் ஒட்டிய உப்பைத் தட்டிவிட்டார். பிறகு சொன்னார்: “கேட்டது நான்தான். சின்னப் பாத்தி எவ்வளவு தரும் என்று மிதித்த காலுக்குத் தெரியும். சிங்காசனத்தில் ஏறியதும் அது மறந்துபோயிற்று. நூறு மூட்டைக் கட்டளை இன்றோடு ஒழிந்தது. பாத்தி எவ்வளவு தருகிறதோ அவ்வளவு போதும். உன் பாத்தியும் உன்னிடமே இருக்கட்டும். ஆனால் இந்த உப்பு யார் வயிற்றுக்கும் போகக் கூடாது. முழுவதையும் சுமந்துபோய்க் கடலில் கொட்டு.”

ஒரு வருஷத்து உழைப்பு. மாடக்கண்ணு தலையாட்டிவிட்டுப் பெட்டியை எடுக்கக் குனிந்தான். அவனுக்கு முன்னால் ராஜா குனிந்து ஒரு பெட்டியை நிரப்பிக்கொண்டிருந்தார். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தானே ஆக வேண்டும்? தப்பில் பங்கு இருந்தால் சுமையிலும் பங்கு உண்டு.

மணியக்காரர் பதறி ஓடி வந்தார். பூரணம்தான் முந்திக்கொண்டாள். தன் தலையிலிருந்த சும்மாட்டை எடுத்து நீட்டினாள்.

“இத வச்சுக்கிட்டுத் தூக்குங்க, ராசா. வெறுந்தலையில தூக்குனா கழுத்துப் போயிரும்.”

ராஜா சும்மாட்டை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். கசப்பு நீர் பட்டு அங்கவஸ்திரத்தில் சொட்டச் சொட்ட, முதல் பெட்டியை அவர் கொட்டினார். இரண்டாவதை மாடக்கண்ணு கொட்டினான். மூன்றாவதைப் பூரணம் கொட்டினாள். மூன்று நாள் ஆயிற்று அந்த அம்பாரம் கரைய. அந்த வருஷம் அவர்கள் வீட்டில் பாதி நாள் பனங்கிழங்குதான் சாப்பாடு, ஆனால் சட்டியை யாரும் நகர்த்தி வைக்கவில்லை.

கேட்டீர்களா மக்களே: கடைசிச் சொட்டுவரை தனக்கே வேண்டும் என்பவன், முன்னால் கிடைத்த நல்லதையும் கெடுத்துக்கொள்கிறான்.