கொற்றனின் பார்வை மான்

மலைகளுக்கு இன்னும் பேர் வைக்காத காலத்தில், மூங்கில் காட்டோரம் கொற்றன் என்ற வேடன் இருந்தான். கொஞ்சம் கிட்ட வந்து கேளுங்கள், இது சத்தம் போட்டுச் சொல்லும் கதை இல்லை.

அந்தக் காட்டு மான்கள் லேசில் அகப்படாது. சருகு நொறுங்கினால் ஓடும், காற்று திரும்பினால் ஓடும், காக்கை கத்தினாலும் ஓடும். கொற்றன் வெறுங்கையோடு திரும்புவான். வீட்டு அடுப்பில் பூனை உறங்கியது.

வேடர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பெண்மானைக் குட்டியிலேயே பிடித்து வளர்த்து, பெரிதானதும் காட்டுக்குள் கட்டி வைப்பார்கள். நம் இனம் அச்சமில்லாமல் மேய்கிறதே என்று நம்பி மற்ற மான்கள் வரும். அதற்குப் பார்வை மான் என்று பேர். கொற்றனும் ஒன்றை வளர்த்தான். அவன் மனைவி வெள்ளச்சி அதற்குச் சின்னி என்று பேரிட்டு, பிள்ளைபோல் பார்த்துக்கொண்டாள்.

முதல் வேட்டையில் ஒரு கிழமான் வந்தது, விழுந்தது. இரண்டாவதில் ஒரு தாய்மான் வந்தது, அதுவும் விழுந்தது. ஒவ்வொரு முறையும் சின்னிக்கு ஒரு பிடி தினை கிடைத்தது.

மூன்றாவதில் ஓர் இளம் கலைமான் வந்தது. சின்னியின் கழுத்தில் கயிறு உரசி மயிர் உதிர்ந்த இடத்தை நக்கிக்கொடுத்தது. கொற்றன் அம்பை விட்டான். கலைமான் அங்கேயே சரிந்தது. சின்னி அதை முகர்ந்து பார்த்தது. பிறகு வழக்கம்போல் தினைக்காக அவன் கையைத் தேடி வந்தது.

பாவி, இந்த வாயில்லாச் சீவனை என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று கொற்றன் கலங்கிக் கயிற்றை அறுத்தான்.

"போ தாயி, உன் சனத்தோட போய்ச் சேரு."

சின்னி போனது. அதைக் கண்டதும் மந்தை ஓடியது. அது நின்ற இடத்திலெல்லாம் சாவு வந்ததை மான்கள் மறக்கவில்லை. தனியே திரும்பி வந்த சின்னியை மறுநாளும் அனுப்பினான், அன்றும் அப்படியே நடந்தது.

"நான்தான் விட்டுட்டேனே, இன்னும் ஏன் ஓடுதுங்க?" என்றான் கொற்றன்.

"நீ விட்டது அதுகளுக்கு எப்படித் தெரியும்? நீ கொன்னதுதான் தெரியும்" என்றாள் வெள்ளச்சி.

கொற்றன் வில்லை ஒடித்துப்போட்டுக் கொல்லையில் தினை விதைத்தான். ஒரு மழைநாளில் மந்தை கொல்லைவரை வந்தது. சின்னி கத்திக்கொண்டே அதை நோக்கி ஓடியது. மந்தை சிதறி மறைந்தது. சின்னி வெகுநேரம் காட்டையே பார்த்து நின்றுவிட்டு, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு குடிசை வாசலுக்கே திரும்பி வந்தது. கொற்றன் அதன் முகத்தைப் பார்க்க மாட்டாமல் திரும்பிக்கொண்டான்.

நம்பி வருகிறவர்களை வீழ்த்த ஒருவரைக் கருவியாக்கியவனால், பிறகு எவ்வளவு வருந்தினாலும், அவருடைய சொந்தங்களை அவருக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது.